பியூபில் பிரீமியம்: அந்தப் பணம் எங்கே போகிறது, எங்கே போக வேண்டும்

லண்டனில் அரசுப் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்புகிற எங்கள் ஆட்கள் பலருக்கு பியூபில் பிரீமியம் என்ற பெயரே காதில் விழுந்திருக்காது. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்காக அரசு பள்ளிக்குக் கொடுக்கிற மேலதிகப் பணம் அது. கேள்விப்பட்ட சிலரும் அது பள்ளிக்கூடத்தின் உள்கணக்கு, எங்களுக்கென்ன என்று விட்டுவிடுகிறார்கள். நான் வடமேற்கு லண்டனில் ஓர் ஆரம்பப் பள்ளியில் பெற்றோர் தெரிவு செய்த கவர்னராக, அதாவது பள்ளியின் மேற்பார்வைக் குழு உறுப்பினராக, இருக்கிறேன். சம்பளமில்லாத வேலை. பள்ளியை நடத்துவது அதிபர்தான். காசு எங்கே போகிறது, அதனால் பிள்ளைகளுக்கு என்ன கிடைத்தது என்று கேட்பது எங்கள் வேலை. எனக்கென்று ஒதுக்கப்பட்ட பகுதி இந்த பியூபில் பிரீமியம். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஒன்று உறுதியானது. இந்தப் பணம் பிள்ளையோடு உட்கார்ந்து கதைக்கிற, வாசிக்கிற, கேட்கிற மனிதர்களுக்குப் போனால் பலன் தெரிகிறது. வேறு பக்கம் போனால், போன இடம் தெரிவதில்லை.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள் படிப்பில் பின்தங்கிப் போகக்கூடாது என்று 2011 ஏப்ரலில், கன்சர்வேடிவ் கட்சியும் லிபரல் டெமோக்ராட் கட்சியும் சேர்ந்திருந்த கூட்டணி அரசு இதைத் தொடங்கியது. இங்கிலாந்துக்கு மட்டும் உரிய திட்டம் இது. 2025-26 நிதியாண்டில் ஆரம்பப் பள்ளிப் பிள்ளை ஒருவருக்கு 1,515 பவுண், இடைநிலைப் பள்ளிப் பிள்ளைக்கு 1,075 பவுண், கவுன்சிலின் (உள்ளூராட்சி மன்றத்தின்) பராமரிப்பில் இருக்கிற பிள்ளைக்கு 2,630 பவுண். படையில் பணிபுரிவோரின் பிள்ளைகளுக்கு 350 பவுண் தனியாக உண்டு. பட்டியலில் 60 பிள்ளைகள் இருக்கிற ஆரம்பப் பள்ளி என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 90,900 பவுண். பள்ளியின் வழக்கமான நிதிக்கு மேலே வருகிற காசு என்பதால் இது சிறிய தொகை இல்லை.

யார் அந்தப் பட்டியலில் வருவார்கள்? வருமானத்தை வைத்து இலவச மதிய உணவுக்குத் தகுதி பெற்றவர்கள். யூனிவர்சல் கிரெடிட் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரச உதவித்தொகை) எடுக்கிற வீடு என்றால், வேலையால் கைக்கு வருகிற வருமானம் வரிபோக வருடத்துக்கு 7,400 பவுணுக்குள் இருக்க வேண்டும். அரசு கொடுக்கிற உதவித்தொகைகள் இதில் சேராது. மாதக் கணக்கில் பார்த்தால் இது 616 பவுண் 67 பென்ஸ். வருமானம் ஏறி இறங்குகிற வீடுகள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று: கடைசி ஒரு மாதத்தையோ, இரண்டு அல்லது மூன்று மாதங்களைச் சேர்த்தோ பார்க்கலாம். கடையில் மணித்தியாலம் குறைக்கப்பட்ட மாதம் உங்களுக்கு வாசல் திறக்கிற மாதமாக இருக்கலாம்.

ஒருமுறை தகுதி பதிவானால் அடுத்த ஆறு வருடங்களுக்குப் பணம் வந்துகொண்டிருக்கும். இடையில் நல்ல வேலை கிடைத்து வருமானம் கூடினாலும் அந்தப் பிள்ளையின் பெயரில் பள்ளிக்கு வருகிற பிரீமியம் நிற்காது. ரிசப்ஷன் வகுப்பில் (ஒன்றாம் வகுப்புக்கு முந்தின வகுப்பு) பதிந்த பிள்ளைக்கு ஆறு வருடத்தில், 2025-26 விகிதத்தில், 9,000 பவுணுக்கு மேல். ஆறாம் வகுப்பில் பதிந்தாலும் வீணில்லை, அது இடைநிலைப் பள்ளிக்குப் பிள்ளையோடு போகும்.

இவ்வளவு இருந்தும் இலவச உணவுக்கான விண்ணப்பப் படிவம் நிரப்பப்படுவதில்லை. அதற்குக் காரணம் ஒரு நல்ல விஷயம் என்பதுதான் மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. 2014 செப்டெம்பரிலிருந்து இங்கிலாந்தில் ரிசப்ஷன், ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் மதிய உணவு இலவசம். 2023 செப்டெம்பரிலிருந்து லண்டன் மேயர் சாதிக் கானின் திட்டத்தால் லண்டன் அரசு ஆரம்பப் பள்ளிகளில் மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கும் இலவசம். சாப்பாடு தானாகக் கிடைக்கிறபோது படிவம் எதற்கு என்று பெற்றோர் நினைப்பது இயல்புதானே. பிள்ளையின் தட்டில் சோறு விழுந்துவிடுகிறது. அந்தப் பிள்ளைக்காகப் பள்ளிக்கு வர வேண்டிய 1,515 பவுண் வராமல் போகிறது. யாருக்கும் எதுவும் குறைந்ததாகத் தெரிவதில்லை.

இன்னொரு காரணம் வெட்கம். பள்ளி வாசலில் ஒரு தகப்பனோடு இதைப் பற்றிக் கதைத்தேன். கடையில் பகுதிநேர வேலை, மனைவிக்கு உடம்பு சரியில்லை, இரண்டு பிள்ளைகள். நான் படிவம் என்றதும் முகம் மாறிவிட்டது. "அக்கா, நாங்கள் அப்படிக் கையேந்துற ஆக்கள் இல்லை" என்றார். நான் சொன்னேன்: "தம்பி, இது உங்களுக்கு வாற காசில்லை. உங்கட கைக்கு ஒரு சதமும் வராது. உங்கட மகன்ர பள்ளிக்கூடத்துக்கு வாற காசு. நீங்கள் நிரப்பாட்டி அது இந்த வாசலுக்கே வராது." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப மற்றப் பிள்ளையளுக்குத் தெரிய வருமோ?" என்று கேட்டார். தெரியாது. மதிய உணவு வரிசையில் எல்லோரும் ஒன்றாகத்தான் நிற்கிறார்கள். பட்டியல் அலுவலகத்திலும் ஆசிரியர்களிடமும் மட்டும் இருக்கும். அடுத்த கிழமை படிவம் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு பள்ளியிடம் நாங்கள் கேட்டு மாற்ற வைத்த விஷயம் இதுதான். தகுதியானவர்கள் விண்ணப்பிக்கலாம் என்று தனியாகக் கடிதம் அனுப்புவதை நிறுத்தினோம். புதிதாகச் சேருகிற ஒவ்வொரு குடும்பமும் அனுமதிப் படிவத்தோடு சேர்த்து, தகுதி இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல், பெற்றோர் பெயர், பிறந்த திகதி, நெஷனல் இன்சூரன்ஸ் நம்பர் மூன்றையும் எழுதித் தருகிறது. தகுதி உண்டா என்று சரிபார்ப்பது அலுவலகத்தின் வேலை. எல்லோரும் நிரப்பும்போது அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அலுவலகத்தில் தமிழோ குஜராத்தியோ பேசத் தெரிந்த ஒருவர் அருகில் இருந்தால் இன்னும் நல்லது. எங்கள் பள்ளியில் அதைச் செய்த பிறகு பட்டியல் நீண்டது. இந்தத் திட்டத்தில் நான் பார்த்த காரியங்களில் மிகக் குறைந்த செலவில் நடந்தது இதுதான்.

விசாப் பயமும் உண்டு. அகதி விண்ணப்பத்தில் அரச உதவி பெறுகிற குடும்பங்களின் பிள்ளைகள் தகுதியுள்ளவர்கள். விசாவில் பொது நிதி பெற முடியாது என்று எழுதப்பட்டிருக்கிற குடும்பங்களுக்கும் வருமான எல்லையோடு தனி வழி இருக்கிறது. பள்ளியின் இலவச உணவு, குடிவரவுச் சட்டம் பொது நிதி என்று பட்டியலிடுகிறவற்றுக்குள் வராது. பள்ளி அலுவலகத்தைக் கேளுங்கள், அவர்கள் கவுன்சிலைக் கேட்டுச் சொல்வார்கள். ஆருக்கோ நடந்ததாக ஆரோ சொன்ன கதையைக் கேட்டு ஒதுங்க வேண்டாம்.

சரி, பணம் வந்துவிட்டது. இப்போது செலவு.

பெற்றோர் சிலர் என்னிடம் கேட்பது: "என்ர பிள்ளைக்கு வந்த காசை என்ர பிள்ளைக்குத்தானே செலவழிக்க வேணும்?" சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பை என்று பணம் பிரிக்கப்படுவதில்லை. மொத்தமாக வருகிறது, வசதி குறைந்த பிள்ளைகளின் படிப்பு உயரும்படி பள்ளி செலவழிக்க வேண்டும். பட்டியலில் இல்லாத, ஆனால் தேவை உள்ள பிள்ளைக்கும் அதில் செலவழிக்கலாம். எனக்கு இது சரியான ஏற்பாடாகத்தான் படுகிறது. 7,400 பவுண் எல்லை மிகக் கீழே இருக்கிறது. தகப்பன் கிடங்கில் முழுநேரம் இரவு வேலை, தாய் வீட்டில், ஒரே அறையில் நாலு பேர் என்று வாழ்கிற குடும்பம் அந்த எல்லையைத் தாண்டிவிடும். அந்த வீட்டுப் பிள்ளையை விட்டுவிட்டா தனி உதவிக்கான குழு அமைப்பது?

ஒவ்வொரு பள்ளியும் வருடந்தோறும் டிசம்பர் 31க்குள் இந்தப் பணத்துக்கான திட்ட அறிக்கையைத் தன் இணையதளத்தில் போட வேண்டும். கல்வி அமைச்சு கொடுத்த மாதிரிப் படிவத்தில் அது இருக்கும். பிள்ளைகளுக்கு என்ன தடை, என்ன செய்யப் போகிறோம், எவ்வளவு செலவு, அது பலன் தரும் என்பதற்கு என்ன ஆதாரம், போன வருடம் என்ன நடந்தது எல்லாம் அதில் எழுதியிருக்க வேண்டும். செலவு மூன்று தலைப்பில் பிரியும்: வகுப்பறைக் கற்பித்தல், குறிப்பிட்ட பிள்ளைகளுக்கான தனி உதவி, வருகை, நடத்தை, காலை உணவு போன்ற மற்றவை. யார் வேண்டுமானாலும் திறந்து வாசிக்கலாம். நான் முதலில் வாசிக்கிற பகுதி தடைகள். அங்கே எழுதியிருப்பது அந்தப் பள்ளியின் பிள்ளைகளைத் தெரிந்தவர் எழுதியதா, வேறு எங்கிருந்தோ எடுத்து ஒட்டியதா என்று இரண்டு வரியில் தெரிந்துவிடும்.

எங்கள் பள்ளியின் அறிக்கையில் முதல் தடையாக இருப்பது பேச்சுமொழி. ரிசப்ஷனுக்கு வருகிற பிள்ளைகளில் பலர் ஒரு முழு வாக்கியம் சொல்லப் பழகாமல் வருகிறார்கள். வீட்டில் ஆங்கிலம் இல்லை என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. வீட்டில் தமிழில் நிறையக் கதைத்துக் கதை கேட்டு வளர்ந்த பிள்ளை ஆங்கிலத்தை வேகமாகப் பிடித்துக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். எந்த மொழியிலும் அதிகம் பேசக் கேட்காத பிள்ளைக்குத்தான் சிரமம். தாயும் தகப்பனும் மாறி மாறி வேலைக்கு ஓடுகிற வீட்டில், போனைப் பார்த்துக்கொண்டு வளர்ந்த பிள்ளை அது. அந்தத் தாய் தகப்பனைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வாடகை யாருக்காகவும் காத்திருப்பதில்லை.

இதற்காகப் பள்ளி எடுத்த திட்டம் நெலி என்று சுருக்கமாகச் சொல்லப்படுகிற நஃபீல்ட் ஆரம்பகால மொழித் திட்டம். ரிசப்ஷன் பிள்ளைகளுக்கு 20 கிழமை நடக்கும். தொடக்கத்தில் ஒவ்வொரு பிள்ளையையும் ஒரு செயலியில் சில நிமிடம் சோதித்து, உதவி தேவைப்படுகிறவர்களைத் தெரிவு செய்கிறார்கள். பயிற்சி பெற்ற உதவி ஆசிரியை சிறு குழுவாகவும் தனித்தனியாகவும் அவர்களோடு உட்காருகிறார். அந்த உதவி ஆசிரியையின் மணித்தியாலங்களுக்கான சம்பளம்தான் முக்கியமான செலவு.

ஒருநாள் காலை அந்த அமர்வைப் பார்க்கப் போனேன். அலுவலகத்துக்குப் பக்கத்தில், முன்பு போட்டோகொப்பி மெஷின் நின்ற சின்ன அறை. தரையில் ஒரு விரிப்பு, நாலு பிள்ளைகள், ஒரு கரடிப் பொம்மை, கையளவு படங்கள். படங்களில் ஒரு பையன்: வீட்டிலிருந்து வெளிக்கிடுகிறான், மழை பெய்கிறது, குடையை விரிக்கிறான், வீட்டுக்கு வந்து காலணியைக் கழற்றுகிறான். அவற்றை வரிசையாக அடுக்கிக் கதை சொல்ல வேண்டும். அதில் எங்கள் தமிழ்ப் பிள்ளை ஒன்றும் இருந்தாள். பள்ளிக்கு வந்த முதல் தவணை முழுக்க வாயே திறக்காத பிள்ளை. பக்கத்தில் இருந்த பையன் குடைப் படத்தை முதலில் வைத்தான். உதவி ஆசிரியை ஒன்றும் சொல்லவில்லை, பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அமைதியாக இருந்தார். அந்த அமைதி எனக்கே தாங்க முடியாமல் நீண்டது. அப்போது இவள் கையை நீட்டி மழைப் படத்தை எடுத்து, குடைக்கு முன்னால் அழுத்தி வைத்துவிட்டு, "நோ. ரெயின் ஃபர்ஸ்ட்" என்றாள். "வை?" என்று கேட்டார் உதவி ஆசிரியை. மறுபடி அமைதி. "பிகோஸ் ஹி நொட் வெட் யெட்."

பிறகு அந்த உதவி ஆசிரியையிடம் கேட்டேன், எப்படி அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தீர்கள் என்று. பயிற்சியில் முதலில் கற்றுக்கொண்டதே அதுதான் என்றார். கேள்வி கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து வரை எண்ண வேண்டும். முன்பெல்லாம் பிள்ளை தடுமாறினால் தானே விடையைச் சொல்லிக் காப்பாற்றிவிடுவாராம். ஒரு படம், ஒரு கேள்வி, காத்திருக்கத் தெரிந்த ஒரு மனிதர். பிரீமியப் பணம் அந்த அறையில் என்னவாக மாறியது என்று கேட்டால், காத்திருக்கிற அந்த நேரமாக மாறியது என்றுதான் சொல்வேன். முப்பது பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் ஆசிரியைக்கு அது கிடைக்காது.

உதவி ஆசிரியர்களைப் பற்றி கவர்னர் கூட்டத்தில் நீண்ட வாதம் நடந்திருக்கிறது. வகுப்புக்கு ஒரு உதவி ஆசிரியை என்று போட்டுவிட்டால் போதும் என்று ஒரு யோசனை வந்தது. கேட்க நன்றாக இருந்தது. பெற்றோருக்கும் பிடிக்கும், வகுப்பில் இரண்டு பெரியவர்கள் நிற்பார்கள். ஆனால் லண்டன் பல்கலைக்கழகத்தின் கல்வி நிறுவனத்தில் பீட்டர் பிளாட்ச்ஃபோர்ட் குழுவினர் செய்த பெரிய ஆய்வு ஒன்று இதற்கு எதிராக நிற்கிறது. உதவி ஆசிரியர்களின் துணை அதிகமாகக் கிடைத்த பிள்ளைகள், அவர்களைப் போன்ற மற்றப் பிள்ளைகளைவிடக் குறைவாகவே முன்னேறியிருந்தார்கள். அதற்கு உதவி ஆசிரியர்கள் காரணமல்ல. சிரமப்படுகிற பிள்ளையை அவரோடு ஒரு மூலையில் உட்கார வைத்துவிடுகிறோம், அந்தப் பிள்ளைக்குப் பயிற்சி பெற்ற ஆசிரியரின் நேரம் கிடைக்காமல் போய்விடுகிறது. அதிகம் தேவைப்படுகிற பிள்ளைக்கே ஆசிரியர் குறைவாகக் கிடைக்கிறார். அதே உதவி ஆசிரியருக்குப் பயிற்சி கொடுத்து, குறிப்பிட்ட நேரத்துக்குக் குறிப்பிட்ட பாடத்திட்டத்தோடு சிறு குழுவில் வேலை கொடுத்தால் பலன் நல்லது என்று கல்வி அறக்கட்டளையான இ.இ.எஃப். சொல்கிறது. அரசு கொடுத்த 125 மில்லியன் பவுணோடு 2011இல் தொடங்கிய அமைப்பு அது. எந்த முறைக்கு எவ்வளவு செலவு, எவ்வளவு பலன் என்று அது வைத்திருக்கிற தொகுப்பு எவரும் இலவசமாகப் பார்க்கக்கூடியது.

கூட்டத்தில் நாங்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: காலை ஒன்பது மணியிலிருந்து பன்னிரண்டு மணிவரை இவர் யாரோடு, என்ன செய்வார்? அதற்குப் பதில் எழுதப் போனபோதே திட்டம் மாறிவிட்டது. இப்போது எங்கள் பள்ளியில் சிரமப்படுகிற குழுவோடு வகுப்பாசிரியை உட்காருகிறார், மற்றவர்கள் வேலை செய்வதை உதவி ஆசிரியை சுற்றிப் பார்க்கிறார். குறிப்பிட்ட நேரத்தில் உதவி ஆசிரியை தன் பயிற்சிக் குழுவை எடுத்துக்கொண்டு போகிறார். செலவு முன்பு நினைத்ததைவிடக் கூடவில்லை.

வாசிப்பிலும் இதே கதை. ஒன்றாம் வகுப்பு முடிகிற யூன் மாதத்தில் ஒலிப்புச் சோதனை நடக்கும். 40 சொற்கள், அதில் பாதி அர்த்தமில்லாத கற்பனைச் சொற்கள். மனப்பாடமாகச் சொல்ல முடியாது, எழுத்தை ஒலியாக்கித் தெரிந்திருக்க வேண்டும். அதில் பின்தங்கக்கூடிய பிள்ளைகளைப் பள்ளி கார்த்திகை மாதத்திலேயே கண்டுபிடித்துவிடுகிறது. அவர்கள் தினமும் ஒரு பெரியவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. கிழமைக்கு ஒருமுறை அரைமணி நேரம் வாசிப்பதைவிட, தினமும் பத்து நிமிடம் வாசிப்பது பிள்ளையைத் தூக்கிவிடுவதை நான் கண்ணால் பார்த்தேன். இந்தச் செலவு அறிக்கையில் ஒரே வரியாக இருக்கும். பெற்றோர் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். என் கணக்கில் அதுதான் தங்கம்.

இனி, கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற செலவுகள். சுற்றுலா, சீருடை, டேப்லெட், சுவரோவியம். இவை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் இரவு தங்கிப் போகிற சுற்றுலாவில் ஒரு பிள்ளை மட்டும் காசில்லாமல் வீட்டில் நின்றால் அந்த வடு லேசில் போகாது. குறிப்பிட்ட உதவித்தொகைகள் எடுக்கிற குடும்பத்திடம், பள்ளி நேரத்துக்குள் அமைகிற அப்படியான சுற்றுலாவின் தங்குமிடம், சாப்பாட்டுக் கட்டணத்தை அறவிடக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. ஆனால் பணத்தின் பெரும்பகுதி இங்கே போய்விட்டால், வருடம் முடிய பிள்ளையின் வாசிப்பு அதே இடத்தில் நிற்கும்.

சுற்றுலா விஷயத்தில் ஒரு சின்ன மாற்றம் பெரிய பலன் தந்தது. முன்பு போகிற கடிதத்தில், கட்டணம் செலுத்தச் சிரமமாக இருந்தால் அலுவலகத்தோடு தொடர்புகொள்ளவும் என்று ஒரு வரி இருக்கும். யாரும் தொடர்புகொள்வதில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்லி நிறுத்திவிடுவார்கள். இப்போது பட்டியலில் இருக்கிற குடும்பத்துக்குப் போகிற கடிதத்திலேயே குறைத்த தொகைதான் அச்சாகியிருக்கும். யாரும் வந்து கேட்க வேண்டியதில்லை. உதவி கேட்டால்தான் கிடைக்கும் என்று வைத்தால், தன்மானம் உள்ளவர்கள் கேட்கமாட்டார்கள். எங்கள் ஆட்களைத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

காலை உணவு இன்னொரு விஷயம். பள்ளி தொடங்குமுன் நடத்தப்படுகிற இலவசக் காலை உணவுக் கூடத்தைப் பற்றி இ.இ.எஃப். செய்வித்த ஆய்வின் முடிவு 2016இல் வந்தது. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் சுமார் இரண்டு மாதப் படிப்புக்குச் சமமாக முன்னேறியிருந்தார்கள். பசி தீர்வது ஒரு பக்கம். நேரத்துக்கு வந்து, அமைதியாக உட்கார்ந்து, வகுப்புக்குத் தயாராக நுழைகிற பிள்ளையால் முழு வகுப்பும் அடங்குகிறது என்பது மற்றப் பக்கம். எங்கள் பள்ளியில் காலை உணவு மேசையில் ஒரு பெரியவர் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. பாணுக்கு ஜாம் பூசிக்கொண்டே நேற்று என்ன நடந்தது என்று கேட்பார். அதுவும் பேச்சுமொழிப் பாடம்தான்.

வருகையைப் பற்றி எங்கள் ஆட்களுக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம் உண்டு. பள்ளி வருடம் 190 நாள். பத்தில் ஒரு பங்கு, அதாவது 19 நாள் தவறினாலே தொடர்ந்து வராத பிள்ளை என்ற கணக்கில் வந்துவிடும். ஊருக்குப் போய்த் தேர்த்திருவிழா பார்த்துவிட்டு ஒரு கிழமை பிந்தி வருவதும், இடையிடையே காய்ச்சல் தடிமனும் சேர்ந்தால் 19 வந்துவிடும். பிந்தி வருகிற பிள்ளை பெரும்பாலும் இழப்பது காலையில் நடக்கிற அந்தப் பத்து நிமிட வாசிப்பைத்தான்.

இந்தப் பணம் படிக்கச் சிரமப்படுகிற பிள்ளைகளுக்கு மட்டும் என்று ஒரு நினைப்பு ஆசிரியர்களிடமே சிலசமயம் இருக்கிறது. அது பிழை. வசதியில்லாத வீட்டின் கெட்டிக்காரப் பிள்ளைக்கும் இது உரியது. எங்கள் சமூகத்தில் இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. காசுள்ள வீடுகள் மூன்றாம் வகுப்பிலேயே டியூஷன் தொடங்கி, பதினோரு வயது நுழைவுத் தேர்வுக்குப் பிள்ளையைத் தயார்படுத்துகின்றன. அதே வகுப்பில் அதே மூளையோடு இருக்கிற மற்றப் பிள்ளைக்கு அது இல்லை. ஐந்தாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். கணக்கில் வகுப்பிலேயே முதல் ஆள், வீட்டு வேலை மட்டும் செய்து வருவதில்லை. கவனமில்லை என்றே எல்லோரும் நினைத்தார்கள். வகுப்பாசிரியை பொறுமையாகக் கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. குடும்பம் கவுன்சில் கொடுத்த தற்காலிக விடுதி அறையில் இருக்கிறது, அங்கே மேசை இல்லை. கட்டிலில் தம்பி தூங்குவான். இவன் கொப்பியை எங்கே வைத்து எழுதுவது?

பள்ளி செய்தது எளிய காரியம். நூலக அறையைப் பின்னேரம் ஒரு மணிநேரம் திறந்து வைத்தார்கள், ஓர் ஆளுக்குச் சம்பளம் கொடுத்தார்கள். மேசை, வெளிச்சம், பென்சில், சந்தேகம் கேட்க ஒருவர். அந்தப் பையனோடு இன்னும் பல பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். அவர்களில் பலர் வீட்டில் மேசை இல்லை என்று யாரிடமும் சொன்னதே இல்லை. அவனுக்கு மேலதிகமாகக் கடினமான கணக்குகள் கொடுக்க ஒரு ஆசிரியை முன்வந்தார். கணக்குப் போட்டு முடித்துவிட்டு அவன் நிமிர்ந்து பார்க்கிற பார்வையைப் பார்த்தால், கவனமில்லாத பிள்ளை என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள்.

பெற்றோராக நீங்கள் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். கவர்னராக இருக்க வேண்டிய அவசியமில்லை. உங்கள் பள்ளியின் இணையதளத்தில் அந்த அறிக்கையைத் திறந்து செலவு அட்டவணையைப் பாருங்கள். ஒவ்வொரு வரிக்கும் நேரே ஒரு கேள்வியை வைத்துப் பாருங்கள்: இந்த வரியை எடுத்துவிட்டால் எந்தப் பிள்ளைக்கு என்ன குறையும்? பதில் உடனே வந்தால் அது நல்ல செலவு. பதில் வராத வரியைக் குறித்துக்கொண்டு, பெற்றோர் சந்திப்பில் பணிவாகக் கேளுங்கள். போன வருட மதிப்பீட்டுப் பகுதியையும் பாருங்கள். எல்லாமே வெற்றி என்று எழுதியிருந்தால் எனக்கு நம்பிக்கை வராது. இது வேலை செய்யவில்லை, அதனால் நிறுத்திவிட்டோம் என்று எழுதுகிற பள்ளிதான் பிள்ளைகளைக் கவனித்துப் பார்க்கிற பள்ளி.

உங்கள் பிள்ளை ஏதாவது சிறு குழுவில் இருந்தால், அந்த நேரத்தில் வகுப்பில் என்ன பாடம் நடக்கிறது என்று கேளுங்கள். வாசிப்புக் குழுவுக்காக ஒவ்வொரு கிழமையும் விஞ்ஞானத்தையோ சித்திரத்தையோ தவறவிடுகிற பிள்ளைகள் உண்டு. பிள்ளைக்குப் பிடித்த பாடத்தைப் பறித்துவிட்டு மற்றதைக் கொடுத்தால் அது குழுவையே வெறுக்கத் தொடங்கும். எங்கள் பள்ளி கால அட்டவணையைச் சுழற்சியில் மாற்றியது ஒரு தாய் கேட்ட கேள்வியால்தான். ஆங்கிலத்தில் தடுமாறித்தான் கேட்டார். அதிபர் உடனே எழுதிக்கொண்டார்.

வீட்டில் பிள்ளையோடு தமிழில் கதையுங்கள். அரைகுறை ஆங்கிலத்தில் இரண்டு சொல் பேசுவதைவிட, உங்களுக்கு வடிவாக வருகிற மொழியில் ஊர்க்கதை சொல்வது பிள்ளைக்கு நல்லது. எங்கள் பள்ளி ஆசிரியைகளே இதைத்தான் சொல்கிறார்கள். கதையைப் பாதியில் நிறுத்தி, பிறகு என்ன நடந்திருக்கும் என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள்.

மாற்றம் ஒன்றையும் கவனிக்க வேண்டும். 2026 செப்டெம்பரிலிருந்து யூனிவர்சல் கிரெடிட் எடுக்கிற எல்லாக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கும், வருமான எல்லை பார்க்காமல், இலவச மதிய உணவு என்று அரசு 2025 யூனில் அறிவித்தது. நல்ல செய்தி. ஆனால் பியூபில் பிரீமியம் பழைய வருமான எல்லையை வைத்துத்தான் கணக்கிடப்படும் என்றும் சொல்லப்பட்டிருக்கிறது. அதனால், சாப்பாடு கிடைக்கிறதுதானே என்று இருந்துவிடாமல், பிரீமியத்துக்கு எங்கள் விவரம் சரிபார்க்கப்பட்டதா என்று அலுவலகத்தில் தனியாகக் கேட்க வேண்டும்.

கேட்பதற்கு ஒரு காலம் இருக்கிறது. பள்ளிகளின் இலையுதிர்காலக் கணக்கெடுப்பு வழமையாக ஒக்டோபர் முதல் வியாழக்கிழமை நடக்கும். அடுத்த வருடப் பணம் அந்தக் கணக்கை வைத்துத்தான் வருகிறது, அதனால் செப்டெம்பர் முடிவதற்குள் விவரத்தைக் கொடுத்துவிடுங்கள். ஆங்கிலம் சிரமமென்றால் அலுவலகத்தில் சொல்லுங்கள், மொழி தெரிந்த ஒருவரைக் கூப்பிடச் சொல்லிக் கேளுங்கள். குடும்பத்தின் வருமானத்தைப் பற்றிக் கதைக்கப் போகும்போது பிள்ளையை மொழிபெயர்க்க வைக்க வேண்டாம்.